செடிக்குள் போகும் நனோ உலோகம்: எது நுழைகிறது, எது வாசலில் நிற்கிறது

நனோ என்ற சொல் தம்பலகாமத்து வயல் வரம்பு வரைக்கும் வந்து சேர்ந்தது 2021இல். அந்த ஆண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபரில் நனோ நைதரசன் திரவப் பசளை இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கியது. போத்தலில் இருக்கிறதை இலையில் அடித்தால் யூரியா மூட்டைக்கு ஈடாகுமா என்று தேத்தண்ணிக் கடைகளில் நல்ல வாதம் நடந்தது. அந்தத் திரவத்தில் உலோகம் இல்லை, அது யூரியாச் சங்கதி. ஆனால் அதோடு வந்த ஒரு சந்தேகம் ஊரைவிட்டுப் போகவில்லை. இவ்வளவு பொடியாக்கின ஒரு பொருளைப் பயிருக்குக் கொடுத்தால் அது உள்ளே போகுமா? போனால் எதுவரை போகும்? நெல்லுமணிக்குள்ளேயும் வருமா?

யூரியா என்றால் கரைந்து உடைந்து பயிரின் உடம்போடு சேர்ந்துவிடும். உலோகம் அப்படி இல்லாமல் போவதில்லை. நாகம் (துத்தநாகம்) நாகமாகவும் வெள்ளி வெள்ளியாகவுமே இருக்கும், அது இருக்கும் வடிவம்தான் மாறும். அதனால் இதே கேள்வியை உலோகத் துணிக்கைகளைப் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமானது. சாதாரண தர விஞ்ஞானம் ஞாபகம் இருந்தால் போதும், மிச்சத்தைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துணிக்கைகளை நனோத் துணிக்கைகள் என்கிறார்கள். புல்மோட்டைக் கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் இல்மனைற்று மணலில் ஒரு மணியை எடுங்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்திலொன்று, அதாவது ஓர் இலட்சம் நனோமீற்றர். நனோத் துணிக்கைகளில் பெரியவற்றை, 100 நனோமீற்றர் அளவானவற்றை, ஒட்ட ஒட்ட அடுக்கினால் அந்த ஒற்றை மணியின் குறுக்கே ஆயிரம் நிற்கும். மணலாக இருக்கும்வரை அது எந்த வேருக்குள்ளும் போகாது.

புல்மோட்டையைச் சும்மா இழுக்கவில்லை. இல்மனைற்றும் உரூத்தைலும் தைத்தேனியத்தின் தாதுக்கள். அவற்றிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் வெள்ளைப் பெயின்ருக்கு வெள்ளை கொடுக்கிறது. அதையே நனோ அளவில் செய்து சன்ஸ்கிரீன் பூச்சுகளில் சேர்க்கிறார்கள். அதே கரை மணலில் கொஞ்சம் மொனசைற்றும் உண்டு, அதில் சீரியம் என்ற உலோகம் இருக்கிறது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு, சீரியம் ஒட்சைட்டு இரண்டும் தாவரமும் நனோவும் பற்றிய ஆய்வுகளில் ஓயாமல் அடிபடும் பெயர்கள். நம்முடைய மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிவிட்டு, நனோவாகிப் போத்தலில் திரும்பி வந்து நிலாவெளிக் கடற்கரையில் வெளிநாட்டவரின் தோளில் பூசப்படுகிறது என்று நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். அது வேறு கதை.

சின்னதாகிவிட்டால் என்ன மாறுகிறது? மேற்பரப்பு. ஒரு மில்லிமீற்றர்க் கனசதுரம் ஒன்றுக்கு ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர மில்லிமீற்றர்தான் பரப்பு. அதையே 10 நனோமீற்றர்க் கனசதுரங்களாக வெட்டினால் பரப்பு ஓர் இலட்சம் மடங்காகிறது. கணக்குப் போட்டால் 0.6 சதுர மீற்றர், ஒரு சின்ன மேசையின் மேற்பரப்பு. அதே உலோகம், அதே நிறை. ஆனால் தண்ணீரும் அமிலமும் தொடுவதற்கு இவ்வளவு இடம் கிடைத்துவிடுவதால் கரைவதும் ஒட்டுவதும் தாக்கமடைவதும் வேகமாகிவிடுகின்றன. இந்தக் கரைதல் என்ற விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். கடைசியில் எல்லாம் அதில்தான் போய் முடிகிறது.

இந்தத் துணிக்கைகள் மண்ணுக்கு வரும் வழிகள் பல. நாற்றம் பிடிக்காமல் இருக்க வெள்ளித் துணிக்கை ஏற்றிய காலுறைகளைத் தோய்க்கும்போது வெள்ளி கழிவுநீரோடு போகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து எஞ்சும் சேற்றைச் சில நாடுகளில் வயலுக்குப் பசளையாகப் போடுகிறார்கள். செப்பு, நாகம் அடங்கிய நனோ மருந்துகளையும் பசளைகளையும் நேரடியாகவே தெளிக்கிறார்கள். தொழிற்சாலைதான் இதைத் தொடக்கி வைத்தது என்றும் சொல்ல முடியாது. எரிமலைச் சாம்பலில் இருக்கிறது, காட்டுத்தீப் புகையில் இருக்கிறது, பாறை உக்கி மண்ணாகும்போது உண்டாகும் இரும்பு ஒட்சைட்டுகளில் பெரும்பகுதி நனோ அளவில்தான் இருக்கிறது. செடிகளுக்கு இது பழைய அயல்.

மண்ணுக்குள் விழுந்த துணிக்கை தனியாக நீந்திக்கொண்டு வேரைத் தேடிப் போவதில்லை. களிமண்ணில் ஒட்டும். உக்கலில் இருந்து வரும் சேதனப் பொருள் அதைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். தண்ணீரில் உப்பு கூடினால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பெரிதாகிவிடும். கடலோரக் கிணற்றில் கோடையில் உவர் ஏறும்போது அந்தத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் இப்படித் திரள்வதற்கு நல்ல வசதி. நனோவாகப் போட்டது நனோவாகவே இருக்கும் என்ற நிச்சயம் அங்கே இல்லை.

வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. தண்ணீருக்கு அடியில் சேற்றில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அந்த நிலையில் நுண்ணுயிர்கள் சல்பைட்டை உண்டாக்குகின்றன. கலக்கும்போது கூழ்முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுவும் சல்பைட்டுத்தான். செப்பும் வெள்ளியும் அதோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையவே மாட்டோம் என்று அடம்பிடிக்கும் சல்பைட்டுகளாகிவிடும். கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் வெள்ளித் துணிக்கையில் பெரும்பகுதிக்கும் இதே கதிதான். வயல் காயவிடும் நாட்களில் காற்றுப் பட்டு இந்தச் சல்பைட்டுகள் மெல்ல உடையத் தொடங்கும். தண்ணீர் விடுவதும் மறிப்பதுமே உலோகத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.

இனி வேருக்கு வருவோம். தண்ணீர் நிற்கும் வயலில் குடலைப் பருவத்தில் இருக்கும் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் சேற்றை அலசிவிட்டுப் பாருங்கள். பழைய வேர்கள் செங்கல் நிறத்தில் இருக்கும். விரலால் உருவினாலும் அந்த நிறம் இலேசில் போகாது. புதிதாக விட்ட வேர்களும் நுனிகளும் மட்டும் வெள்ளையாக இருக்கும். பயிர் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு ஒட்சிசனை இறக்குகிறது, அதில் ஒரு பங்கு வேரிலிருந்து வெளியே கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்த ஒட்சிசனைச் சந்தித்த இடத்திலேயே துருவாகி வேரின்மேல் படிகிறது. இந்தச் செம்படலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதில் பெரும்பாலும் இரும்பின் ஒட்சைட்டுகளும் ஐதரொட்சைட்டுகளும், பலவும் சில நனோமீற்றர் அளவே ஆனவை. ஆக, எந்த ஆய்வுகூடமும் வருவதற்கு முன்பே நெல்லு நனோ உலோகத்தைச் சட்டையாகப் போட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் உலோகத்தில் ஒரு பங்கு இந்தச் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

செம்படலத்தைத் தாண்டினால் வேரின் பசை. வேர்நுனி வழுவழுப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது, கூடவே சித்திரிக் அமிலம் போன்ற சேதன அமிலங்களையும் விடுகிறது. நாக ஒட்சைட்டுத் துணிக்கை இந்த அமிலத்தில் அகப்பட்டால் அதில் பெரும்பகுதி அங்கேயே கரைந்து நாக அயனாகிவிடும். அயன் ஆனபிறகு அது நனோ அல்ல, நாம் சல்பேற்றாகப் போடும் நாகத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. செப்பு ஒட்சைட்டு இதைவிட மெதுவாகக் கரையும். தைத்தேனியமும் சீரியமும் அநேகமாகக் கரையாது, கல்லுப் பிள்ளையார் கணக்கில் அப்படியே இருக்கும்.

கரையாமல் மிஞ்சிய துணிக்கை அடுத்து முட்டுவது கலச்சுவரில். கலச்சுவர் ஓர் அடைத்த மதில் இல்லை. செலுலோசு இழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை, இழைகளுக்கிடையில் உள்ள துளைகள் பொதுவாக 5 முதல் 20 நனோமீற்றர் வரை. அதற்குள் அடங்கும் துணிக்கை சுவரின் ஊடாகவே வேரின் உள்ளே நகரலாம். பெரியது வெளியே நிற்கவேண்டியதுதான். ஆனாலும் 20ஐவிடப் பெரிய துணிக்கைகள் வேருக்குள் காணப்பட்டதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வேரில் உண்டாகும் காயங்கள், பக்கவேர் வெடித்து வெளியே வரும் இடங்கள், துணிக்கைகளே சுவரில் உண்டாக்கும் சிதைவுகள் எல்லாம் வழிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அளவு மட்டும் போதாது, மின்னேற்றமும் வேண்டும். கலச்சுவர் மறை ஏற்றம் கொண்டது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் நெல், முள்ளங்கி, பூசணி, ஒரு புல் ஆகிய நான்கையும் மிகச் சிறிய தங்கத் துணிக்கைகள் கலந்த நீரில் வளர்த்தார்கள். நேர் ஏற்றம் உள்ள துணிக்கைகளை வேர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் தண்டுக்கும் இலைக்கும் திறமையாக ஏறிப்போனவை மறை ஏற்றம் உள்ளவைதான். யோசித்தால் நியாயம் புரியும். நேர் ஏற்றம் உள்ளது சுவரைக் கண்டவுடன் கட்டிப்பிடித்துக்கொள்கிறது, பிறகு அதற்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை. மறை ஏற்றக்காரர் ஒட்டுவது குறைவு, ஒட்டாததால் போய்ச் சேர்கிறார். வேரில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்துவிட்டுச் செடி எவ்வளவு உறிஞ்சியது என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு சோதனை போதும்.

வேருக்குள் உள்நோக்கிப் போக இரண்டு வழி. ஒன்று, கலங்களுக்குள்ளே போகாமல் சுவர்களின் ஊடாகவும் இடைவெளிகளின் ஊடாகவும் போவது. மற்றது, ஒரு கலத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து பக்கத்துக் கலத்தோடு இணைக்கும் நுண்குழாய் வழியாக அடுத்ததற்குப் போவது. அந்த நுண்குழாய்கள் 20 முதல் 50 நனோமீற்றர் விட்டம் கொண்டவை, ஆனால் நடுவில் வேறு பொருள்கள் இருப்பதால் உண்மையில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. முதல் வழி இலகு. ஆனால் அது பாதியில் அடைபடுகிறது.

அடைக்கும் இடம் அகத்தோல். வேரின் நடுவில் நீரை மேலே கொண்டுபோகும் குழாய்களைச் சுற்றி ஒரே வரிசைக் கலங்களாக அகத்தோல் இருக்கிறது. அந்தக் கலங்களின் சுவரில் நீர் புகாத ஒரு பட்டி ஓடுகிறது, பெரும்பாலும் இலிக்னினால் ஆனது. ரொபேர்ட் கஸ்பாரி என்ற ஜேர்மன் தாவரவியலாளர் 1865இல் விவரித்ததால் அதற்குக் கஸ்பாரி பட்டி என்று பெயர். யுத்தகாலத்தில் திருகோணமலைக்கு வந்துபோனவர்களுக்கு இதன் வேலையை விளக்கத் தேவையில்லை. எத்தனை ஒழுங்கையால் சுற்றி வந்தாலும் கடைசியில் எல்லாரும் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டித்தான் நடக்கவேண்டும். அகத்தோலுக்கு வரும் எதுவும் சுவர்வழியை விட்டுவிட்டுக் கலமென்சவ்வைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். நாகம், செப்பு, இரும்பு அயன்களுக்கு அங்கே அட்டை இருக்கிறது. அவற்றை அடையாளம் கண்டு உள்ளே விடும் புரதங்கள் சவ்வில் உண்டு, ஏனென்றால் செடிக்கு அவை தேவை. முழுத் துணிக்கைக்கு அப்படி ஒரு புரதம் கிடையாது. சவ்வு தானாக உள்மடிந்து, துணிக்கையை ஒரு பைக்குள் வாங்கி உள்ளே இழுத்தால் உண்டு.

சாவடி இன்னும் கட்டி முடியாத இடங்களும் இருக்கின்றன. வேர்நுனியில் அகத்தோல் இளசு, பட்டி முழுமையாகியிருக்காது. பக்கவேர் கிளம்பும் இடத்தில் பட்டி கொஞ்ச நாளைக்கு உடைந்து கிடக்கும். இரும்புச் சட்டை போடாத அந்த வெள்ளை நுனியும் பட்டி முற்றாத நுனியும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நெல்லில் துணிக்கை முழுதாக நுழையவேண்டுமென்றால் அதுதான் நல்ல இடம்.

இந்தத் தடைகள் எவ்வளவு வலுவானவை என்பதற்குக் கிண்ணியாப் பக்கம் களப்போரத்தில் நிற்கும் கண்டல் மரங்களைப் பார்த்தால் தெரியும். வேரை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உப்பின் பெரும்பங்கை வேரிலேயே மறித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் மேலே இழுக்கின்றன. உப்பின் அயன்கள் ஒரு நனோமீற்றர்கூட இல்லை. அவற்றையே மறிக்கத் தெரிந்த தாவர வேர், பத்திருபது நனோமீற்றர்த் துணிக்கையைக் கண்டு திகைக்கப்போவதில்லை.

அளவுக்கும் தடைக்கும் உள்ள உறவைக் கோதுமையில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் பல அளவிலான தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 140 நனோமீற்றருக்கு மேற்பட்டவை வேரில் சேரவே இல்லை. 36 நனோமீற்றருக்கும் 140க்கும் இடைப்பட்டவை வேரின் வெளிப் பகுதிக்குள் வந்தன, ஆனால் நடுக்குழாய்களுக்குப் போகவில்லை. 36க்குக் கீழானவைதான் தண்டு வரை போயின. கோதுமைக்குக் கிடைத்த இலக்கங்களை நெல்லுக்கோ கத்தரிக்கோ அப்படியே தூக்கிவைக்க முடியாது என்றாலும், கதையின் போக்கு இதுதான்.

சரி, நடுக்குழாய்க்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் பாடப்புத்தகத்தில் அதற்குக் காழ் என்று பெயர், தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சைலம். இலைகளிலிருந்து நீர் ஆவியாகிப் போகப்போக, கீழேயிருந்து நீர் இழுபட்டு மேலே வருகிறது, அந்த இழுவையில் துணிக்கையும் ஏறுகிறது. காழ்க் குழாயின் விட்டம் பல ஆயிரம் நனோமீற்றர் என்பதால் உள்ளே நெருக்கடி இல்லை. ஆனால் அது அடியிலிருந்து நுனிவரை ஒரே குழாய் இல்லை. ஒரு குழாயிலிருந்து பக்கத்துக் குழாய்க்கு மாறும் இடங்களில் மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றின் துளைகளும் நனோ அளவு, திரண்டு பெரிதானவை அங்கே மாட்டிக்கொள்ளும்.

காழ் மேலேற்றும் வழி. கீழிறக்கும் வழி உரியம், இலையில் செய்த வெல்லத்தை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோவது. உலோகம் இரண்டிலும் போகுமா என்று பார்க்கச் சீன ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே சோளன் செடியின் வேர்க்கொத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி செப்பு ஒட்சைட்டு நனோத் துணிக்கை கலந்த பாத்திரத்தில், மற்றப் பாதி சுத்தமான திரவம் உள்ள பாத்திரத்தில். இரண்டு பாத்திரத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு அந்தச் செடியின் உடம்புதான். பிறகு சுத்தமான பாத்திரத்தில் இருந்த வேரைச் சோதித்தால் அங்கேயும் செப்பு. ஒரு வேரால் உறிஞ்சி, காழில் ஏறி, மேலே போய், உரியத்தால் இறங்கி மற்ற வேருக்கு வந்திருக்கிறது. காழ்ச் சாற்றை எடுத்துப் பார்த்தபோது துணிக்கைகளையே கண்டார்கள். போகும் வழியில் செப்பின் ஒரு பங்கு வேதியியல் நிலை மாறியிருந்ததும் தெரியவந்தது.

செடிக்குச் செடி குணமும் மாறும். 2008இல் வெளியான ஒரு சோதனையில் சுமார் 20 நனோமீற்றர் அளவான காந்த இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் கலந்த நீரில் பூசணியை வளர்த்தார்கள். காந்தத்தை உணரும் கருவியை வைத்தபோது வேர், தண்டு, இலை எல்லாமே காந்தச் சைகை காட்டின. அவரை இனம் ஒன்றிலோ அப்படி ஒன்றும் இல்லை. பூசணி ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும் கொடி என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டும் தண்ணீரில் வளர்த்தவை என்பதை மறக்கக்கூடாது. மண்ணில் வளர்த்தால், மேலே சொன்ன ஒட்டலும் திரளலும் குறுக்கே நிற்கும்.

இலைவழி வேறு மாதிரி. இலையின் மேல் மெழுகுப் படை இருக்கிறது, அதிலுள்ள நீர்வழிகள் ஒரு சில நனோமீற்றருக்குள் அடங்குபவை. பெரும்பாலான துணிக்கைகளுக்கு அது மூடிய கதவு. ஆனால் இலைவாய்கள் ஆயிரக்கணக்கான நனோமீற்றர் அகலத்தில் திறந்து மூடுகின்றன. அவரையில் 2008இல் செய்த ஒரு சோதனையில் 43 நனோமீற்றர்த் துணிக்கைகள் இலைவாயால் உள்ளே போயின, 1,100 நனோமீற்றர் அளவானவை போகவில்லை. வாய் அவ்வளவு பெரிதாயிருந்தும் ஏன் போகவில்லை? நீரின் மேற்பரப்பு இழுவிசை துளியைத் திறந்த வாய்க்குள் இலகுவில் விழவிடாது. வாயின் சுவரில் ஒட்டிப்படரும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியாகத்தான் போக்குவரத்து, அந்தப் படலத்துக்குப் பெரிய துணிக்கை அடங்காது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நடுப்பகலில் தெளித்தால் இரண்டு விதத்தில் நட்டம். வறட்சிக்குப் பயந்து இலைவாய்கள் ஒடுங்கியிருக்கும், விழுந்த துளியும் உள்ளே போக நேரமில்லாமல் காய்ந்துவிடும். எஞ்சுவது இலைமேல் ஒட்டிய பொடி. விடியற்காலையிலோ பொழுதுபட்டோ தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பொடி உள்ளே போனதாகக் கணக்கில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளர்களுக்கே பெரிய தலையிடி. இலையைச் சரியாகக் கழுவாமல் அளந்தால் மேலே இருந்ததெல்லாம் உறிஞ்சியதாகிவிடும். கீரை வாங்கிப் போகிறவருக்கு இதில் சந்தோசப்பட ஒன்று இருக்கிறது: மேலே இருப்பதில் கணிசமான பங்கு கழுவினால் போகும்.

இனித்தான் முக்கியமான இடம். இலையில் நாகம் இருக்கிறது என்று அளவீடு சொல்கிறது. அது துணிக்கையாக வந்த நாகமா, கரைந்து வந்த நாகமா? வழக்கமான முறையில் இலையைக் கடும் அமிலத்தில் கரைத்து உலோகத்தை அளக்கிறார்கள். அமிலத்தில் போட்டவுடனே துணிக்கையும் அயனும் ஒன்றாகிவிடும், பிறகு பிரித்துக் கேட்க முடியாது. வடிவத்தை அறிய வேறு வழிகள் வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நேரே பார்ப்பது ஒன்று. பெரிய துணிக்கை முடுக்கிகளில் கிடைக்கும் செறிந்த எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகம் எதோடு பிணைந்திருக்கிறது என்று அறிவது இன்னொன்று. அமிலத்துக்குப் பதிலாக நொதியத்தால் இலையை மெதுவாகக் கரைத்து, மிஞ்சும் துணிக்கைகளைத் திணிவு நிறமாலைமானியில் ஒவ்வொன்றாக எண்ணும் முறையும் இருக்கிறது.

அப்படிப் பார்த்ததில் கிடைத்த ஒரு தெளிவான விடை சோயாவில். நாக ஒட்சைட்டும் சீரியம் ஒட்சைட்டும் கலந்த மண்ணில் காய்க்கும்வரை வளர்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். காயில் நாகம் கூடியிருந்தது, ஆனால் நாக ஒட்சைட்டாக இல்லை. சித்திரிக் அமிலத்தோடு சேர்ந்தது போன்ற ஒரு வடிவத்தில் இருந்தது, அதாவது கரைந்து வந்தது. சீரியத்தில் ஒரு பங்கோ ஒட்சைட்டுத் துணிக்கையாகவே காய்வரை போயிருந்தது. கரையும் உலோகம் அயனாகிச் செடியின் சொந்த வழியில் போகிறது. கரையாதது இடுக்கு வழியில் கொஞ்சமாகப் போகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஒருவர் முதலில் படிக்கவேண்டிய சோதனை இதுதான்.

தலைகீழாகவும் நடக்கும். அல்பால்பா என்ற தீவனப் பயிருக்குக் கரைந்த தங்க அயனைக் கொடுத்தபோது, செடி தன் உடம்புக்குள்ளேயே அதைத் தங்க நனோத் துணிக்கையாக்கிக்கொண்டதை 2002இல் காட்டினார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் மரங்கள் ஏறத்தாழ 35 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் தங்கப் படிவிலிருந்து தங்கத்தை இழுத்து இலையில் நுண்துணிக்கையாகச் சேர்த்து வைத்திருந்ததை 2013இல் கண்டார்கள். இலையைப் பிழிந்து நகை செய்யும் அளவுக்கு இல்லை, ஆனால் கீழே தங்கம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் அளவுக்கு இருந்தது. ஆகவே செடிக்குள் ஒரு உலோகத் துணிக்கையைக் கண்டாலும் அது வெளியிலிருந்து அப்படியே வந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது.

நெல்லுமணிக்கு வருவோம். தாய்ச் செடியின் குழாய்கள் முளையம்வரை நேராகப் போவதில்லை. சத்து ஓரிடத்தில் கலங்களை விட்டு வெளியே இறங்கி, விதையின் கலங்களால் மறுபடி உறிஞ்சப்படவேண்டும். அகத்தோலில் பார்த்த சோதனை அங்கே இன்னொரு தடவை நடக்கிறது. கரையாத துணிக்கைகளில் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடுவதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வேரிலிருந்து தண்டுக்கு ஒரு சிறு பங்கு, அதிலும் ஒரு சிறு பங்கு மணிக்கு. வேரையே தின்னும் கறிகளுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. கரட்டில் பார்த்தபோது உலோகத்தின் பெரும்பகுதி வெளித்தோலில் இருந்தது, அதைச் சீவினால் பெரும்பங்கு போகிறது. நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் நாம் தின்னும் குமிழ் உண்மையில் வேரில்லை, தடித்த இலையடி. அடியில் தொங்கும் தும்புதான் வேர், அதை எப்படியும் நறுக்கி எறிகிறோம்.

பயப்படத் தேவையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2011இல் வெளியான ஒரு சோதனையில் தங்கத் துணிக்கையை உறிஞ்சிய புகையிலையைப் புழுவுக்குக் கொடுத்தார்கள். புழுவின் உடம்பில் தங்கத்தின் செறிவு இலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. உணவுச் சங்கிலியில் ஏறும்போது திரளக்கூடிய பொருள் என்றால் கொஞ்சத்தைக் கொஞ்சம் என்று விட்டுவிட முடியாது. மண்ணில் சீரியம் கூடியபோது சோயாவின் வேர்முடிச்சுகள் நைதரசன் பிடிப்பது பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம், இந்தச் சோதனைகள் பலவற்றில் கொடுக்கும் அளவு சாதாரண மண்ணில் இருப்பதைவிட மிக அதிகம், காலமும் குறைவு. ஒரு போகம் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, சேறும் காய்ச்சலும் மாறிமாறி வரும் வயலில் நடப்பதை ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து அளந்துவிட முடியாது.

இனி யாராவது நனோ நாகம், நனோ செப்பு என்று போத்தலோடு வந்தால், விலைக்கு முன்னால் கேட்கவேண்டியவை சில இருக்கின்றன. உள்ளே இருப்பது எந்த உலோகத்தின் எந்தச் சேர்வை, துணிக்கை எத்தனை நனோமீற்றர், மேலே ஏதாவது பூசியிருக்கிறதா, ஏக்கருக்கு எத்தனை கிராம் உலோகம் விழும்? நாக ஒட்சைட்டு என்றால் அது பெரும்பாலும் வேரடியில் கரைந்து சாதாரண நாகமாகத்தான் உள்ளே போகப்போகிறது. அப்படியானால் நாக சல்பேற்றோடு கிராமுக்குக் கிராம் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.